ஒற்றைக் கோட்டு மலாக்கா

நான் தொலைந்துபோவேன் என்று என்னைத் தவிர எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

முதலில் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி. டுரியான் துங்காலுக்கு உள்ளே மூன்று மைல் தள்ளி இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டுகிறவரின் மகன் மலாக்கா டவுனுக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறான் என்ற செய்தி அவருக்குச் செரிக்கவில்லை. "போயிட்டு வரட்டும். செக்ரோல்ல ஒரு வரி காலியா விட்டு வெக்கிறேன், திரும்பி வந்ததும் பேரை எழுதிக்கலாம்" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற புத்தகம்தான் செக்ரோல். அப்பா கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். எனக்கு மட்டும் அந்தக் காலி வரி கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அடுத்தது மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவின் ஊர்க்காரர். பண்டா ஹிலிரில் குடியிருந்தார், ஓர் ஆபீசில் பியூன் வேலை. நான் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சட்டம் போட்டுவிட்டார்.

"பள்ளிக்கூடம், வீடு. வேற ஒரு ஜாலான்லயும் கால் வெக்கக் கூடாது. தோட்டத்துப் புள்ளைங்க டவுன்ல தொலைஞ்சு போவும். அப்புறம் எவனாவது கையப் புடிச்சுக் கூட்டியாந்து நம்ம வாசல்ல நிறுத்துவான். அப்படி ஒரு நாள் நீ நின்னேன்னு வெச்சுக்க, மறுநாள் காலையில பஸ் ஏத்திருவேன். புரியுதா?"

புரிந்தது. மாமா சொன்னால் செய்கிறவர். ஐந்து வாரம் ஒழுங்காக நடந்தேன்.

ஆறாவது வாரம் வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியைப் படமாக வரைய வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரன் டவுனிலேயே பிறந்தவன். ஆறு, பாலம், மணிக்கூண்டு, பாசார், கிட்டங்கி என்று தாள் நிறைய வரைந்து தள்ளினான். என் தாளில் ஒரு கோடு இருந்தது. ஒரு முனையில் வீடு, மறு முனையில் பள்ளிக்கூடம்.

அவன் எட்டிப் பார்த்தான். "இதுதான் உன் மலாக்காவா? ஒரே கோடு லா. எங்க வீட்டு எறும்பு இதைவிட நல்லாச் சுத்தும்டா."

அந்தச் சனிக்கிழமை மாமா வேலைக்குப் போனதும் நானும் கிளம்பினேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ரப்பர்க் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம்தான். ஆனாலும் அங்கே யாரும் தொலைவதில்லை. ஒரு நிரையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நிரைக்குத் தாவாமல் நேராக நடந்தால், எப்படியும் மாட்டுவண்டிப் பாதையில் போய் ஏறிவிடலாம். டவுனும் அப்படித்தானே என்று நினைத்தேன். பாலத்தைத் தாண்டினேன். சீனர் கடைத்தெரு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சந்திலும் நுழையாமல் நேராகவே போனேன்.

மலாக்காத் தெருக்களை நட்டவன் கயிறு பிடித்து நடவில்லை. தெரு எனக்குத் தெரியாமலே மெல்ல மெல்ல வளைந்தது. இடக்கன்னத்தில் அடித்த வெயில் கொஞ்ச நேரத்தில் வலக்கன்னத்தில் அடித்தது. நான் நேராகத்தான் நடக்கிறேன், சூரியன்தான் தப்பாக வந்துவிட்டது என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினேன். கடைகள் முடிந்தன. தென்னை வந்தது. அத்தாப்புக் கூரை வீடுகள் வந்தன. திரும்பி நடந்தேன், வந்த தெரு அங்கே இல்லை.

மத்தியானம் வரைக்கும் யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்டால் கையைப் பிடிப்பார்கள். கையைப் பிடித்தால் பஸ். பஸ் ஏறினால் அந்தக் காலி வரி.

மூன்று மணிக்குமேல் தாகம் வீராப்பை வென்றது. அப்போதுதான் அந்த வாசலைப் பார்த்தேன். நிலையில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் விளக்கு. மலாய்ப் பெண்களைப்போல் சாரோங்கும் கெபாயாவும் உடுத்திய ஒரு பெண் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நம் முகம், நெற்றியில் திருநீறு. எனக்கு உயிர் வந்தது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க. பண்டா ஹிலிருக்கு எப்படிப் போறது?"

அவர் என்னைப் பார்த்து, விளங்கவில்லை தம்பி என்று மலாயில் சொன்னார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "திருநீறு பூசிக்கிட்டு, மாவிலை கட்டிக்கிட்டு, தமிழ் தெரியாதாக்கும்? தோட்டத்துக்காரன்னா அவ்வளவு இளப்பமா?" என்றேன். அதுவும் அவருக்கு விளங்கவில்லை. என் கோபம் மட்டும் விளங்கியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீரும் கணவரும் கொண்டுவந்தார்.

அவருக்கும் நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். இது காஜா பெராங், நாங்கள் செட்டிகள் என்றார். பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னால் கப்பலேறி வந்தவர்களாம். பேச்சு இந்த மண்ணோடு கலந்துவிட்டது, சாமி கலக்கவில்லை என்றார். மலாய்க்காரர் கம்போங் கடையில் பொறுக்கிய என் மலாய்க்கு அந்த அளவுதான் எட்டியது. பிறகு எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"எஸ்டேட்?"

"எஸ்டேட்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன்" என்றேன், கேட்காததையும் சேர்த்து.

வழி தவறிவிட்டாயா என்றார்.

"இல்லை. சுற்றிப் பார்க்கிறேன்."

முழங்கால்வரை புழுதி ஏறிய என் காலைப் பார்த்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று சட்டையை எடுத்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். யாராவது கூட்டிப்போய் விட்டால் என் படிப்பு முடிந்தது என்று, தெரிந்த மலாய் முழுவதையும் கொட்டிச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானை நிதானமாகப் போட்டு முடித்தார்.

சரி, நீ நட என்றார்.

நான் நடந்தேன். முப்பதடி பின்னால் அவரும் வந்தார். ஒரு முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பினேன். பின்னால் இருமல் கேட்டது. கேட்காதவன்போல் போனேன். தெரு ஒரு வாத்துக் கொட்டகையில் போய் முட்டியது. திரும்பி வந்தபோது மனிதர் முனையில் நின்று வானத்தைப் பார்த்தபடி சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த இருமலுக்குச் சரியாகத் திரும்பினேன். மறைக்க மாட்டேன்: மொத்தம் நான்கு இருமல். பாலம் வந்த பிறகு ஒன்றுகூட இல்லை.

விளக்கேற்றும் நேரம். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்தார்.

"வாங்கண்ணே. எங்க கண்டீங்க இந்த உருப்படிய? தொலைஞ்சுதானே கிடந்தான்?"

விளங்கவில்லை என்று அவர் மலாயில் சொன்னார். மாமாவின் கண் அவருடைய நெற்றிக்கும் வாய்க்கும் இடையில் இரண்டுமுறை போய் வந்தது. பதினோரு வருஷம் டவுனில் இருந்தும் இப்படி ஒருவரை மாமா கண்டதில்லை. மாமாவும் மலாய்க்கு மாறி அதே கேள்வியைக் கேட்டார். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: பையன் முன்னால் நடந்தான், நான் பின்னால் வந்தேன். சலாம் வைத்துத் திரும்பி நடந்தார்.

சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்திருப்பேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தொலைஞ்சுதான் போனேன் மாமா. காலையிலேர்ந்து தொலைஞ்சேன். அவரு கையப் புடிக்கல, நான்தான் நடந்து வந்தேன். பஸ் ஏத்துறதுன்னா ஏத்துங்க. இங்க வெச்சுக்கிட்டா அடுத்த சனிக்கிழமையும் போவேன். தொலையாம எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மாமா அறையப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முனை திரும்பி மறைந்த பிறகுதான் பேசினார்.

"இப்படி ஆளுங்க இருக்காங்கன்னு காதுல விழுந்திருக்கு. அவங்க வாசல்ல மாவிலை கட்டுறாங்களா?"

"கட்டுறாங்க."

"சாமி விளக்கு?"

"எரியுது."

"எந்தப் பக்கம்டா அது?"

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினேன். பாலம், கடைத்தெரு, அது வளைகிற வளைவு, நான்கு இருமல், வாத்துக் கொட்டகை எதையும் விடவில்லை. மாமா விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினார். பிறகு அவரே குச்சியை வாங்கித் தன் கோட்டை வரைந்து காட்டினார்: வீட்டிலிருந்து ஆபீஸ். என்னுடையதைவிடச் சின்னது.

மறுநாள் காலை டுரியான் துங்கால் பஸ் நேரத்துக்குப் புறப்பட்டுப் போனது. நான் வீட்டில் உட்கார்ந்து புதுத் தாளில் மலாக்காவை வரைந்துகொண்டிருந்தேன். பெரிய கிராணியின் புத்தகத்தில் அந்த வரி இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கிறது.