ஆறு மில்லிமீட்டர் முறுக்கு

ஆஸ்பத்திரியில் அவருக்கு மாவுக்கட்டு என்றே பெயர். முப்பத்தொரு வருடம் எலும்பு முறிந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்ட கை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் யாராவது, "என்ன மாவுக்கட்டு, சௌக்கியமா?" என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவார்கள். அவருக்கு முகம் ஞாபகம் வராது. எந்த எலும்பு என்று சொன்னால் வரும்.

அந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு குறை. கட்டுப் போடும் அறை கீழ்த்தளத்தில். கட்டைப் பிரிப்பதும் நடக்கப் பழக்குவதும் மூன்றாம் மாடியில், வேறு ஆட்கள். அவர் சேர்த்து வைத்த கால்களில் ஒன்றுகூட முதல் அடி எடுத்து வைத்ததை அவர் பார்த்ததில்லை. "சமைக்கிறவன் ஒருத்தன், சாப்பிட்டு ஏப்பம் விடுறவன் ஒருத்தன்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு உதட்டைத் தாண்டாது.

மனைவியின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்கள் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கடையில் வாங்கும் தெர்மாகோல் விமானங்களை ஞாயிறு தவறாமல் மைதானத்தில் பறக்கவிடுகிற ஒரு கூட்டத்துக்கு அவர்தான் வாய். ஒருநாள் அவர் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். மனிதர் உட்கார்ந்து பறந்த பழைய மரக் கிளைடர் ஒன்றின் படம். எஞ்சின் கிடையாது, காற்றை நம்பிப் பறப்பது. நிஜத்தில் பதினாறு மீட்டர் இறக்கை. இவர்கள் செய்யப்போவது கால் பங்கு, நாலு மீட்டர்.

"உடம்பு என் பொறுப்பு, இறக்கை உங்க பொறுப்பு அத்தான். உள்ளே இருக்கிறதெல்லாம் விலா எலும்புதான். உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

"செய்றேன். ஆனா முதல் தடவை அது தரையை விட்டுக் கிளம்பும்போது நான் அங்க நிக்கணும்."

"நீங்க இல்லாம எப்படிக் கிளம்பும்? கயிறு கட்டி இழுக்கும்போது இறக்கை சாயாம ஒரு ஆள் நுனியைப் பிடிச்சுக்கணும். அந்த ஆளே நீங்கதான்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "நான் சாட்சி."

வேலை பதினாலு மாதம் பிடித்தது. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பழைய கதவைக் கிடத்தி, சமமாக இருக்கிறதா என்று பார்த்து, வரைபடத்தை விரித்து, அதன்மேல் இறக்கையைக் கட்டினார். ஒரு பக்கத்துக்கு முப்பத்துநாலு விலாக்கள், பஞ்சுபோல் எடையில்லாத பால்சா மரத்தில். உடம்போடு சேரும் தோளருகே உள்ளங்கை நீளத்துக்கும் மேல், நுனிக்குப் போகப்போக ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னது. மேலும் கீழும் பைன் மரச் சட்டம். சீக்கிரம் காயும் பசையை அவர் தொடவில்லை. அது திருத்த நேரம் தராது. மெல்லக் காயும் பசைதான், ராத்திரி முழுக்க ஊசி குத்தி வைத்து. முடிந்ததும் இரண்டு இறக்கைகளையும் அடுக்களைத் தராசில் நிறுத்தார். இடது பக்கம் நாலு கிராம் கூடுதல். இரண்டு நாள் உப்புத்தாளால் தேய்த்து அந்த நாலு கிராமையும் எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

"என் மேஜை உள்நோயாளி ஆயிடுச்சு. எப்ப டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க?" என்பாள் மனைவி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"காயம் ஆறணும்ல."

இறக்கையில் ஒரு சூட்சுமம் இருந்தது. நுனிக்கு வரும்போது பின் ஓரத்தை ஆறு மில்லிமீட்டர் தூக்கி, லேசாக முறுக்கிக் கட்டவேண்டும். கிளைடர் வேகம் குறைந்து திரும்பும்போது காற்றின் பிடி நுனியில் முதலில் விட்டுப்போனால், அந்தப் பக்கம் சட்டென்று விழும், வண்டியும் கூடவே குப்புறப் போகும். முறுக்கு இருந்தால் நுனி கடைசிவரை தாங்கும். அவர் ஒரு மர ஆப்பை ஆறு மில்லிமீட்டருக்குச் சீவி நுனியின் கீழே வைத்துப் பசையைக் காயவிட்டார். எடை கூடக்கூடாது என்று நுனியின் ஒன்பது விலாக்களுக்குமேல் மெல்லிய பலகை வைக்காமல் துணி மட்டும் போட்டார். சூடு பட்டால் சுருங்கி இறுகும் துணி. அந்த இறுக்கம்தான் அங்கே முறுக்கைப் பிடித்து நிறுத்தியது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மணிக்கட்டு முறிந்தால் கையை வளைத்துத்தான் கட்டவேண்டும். கோணலாகக் கட்டிவிட்டான் என்று எந்த டாக்டரும் அதை நிமிர்த்தியதில்லை. கட்டின் மேலேயே பென்சிலால் தேதியும் முறிவும் எழுதுகிற மனிதர், இறக்கையில் 'இடது', 'வலது' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது அவர் தப்பு. மற்றவை அவர் தப்பு இல்லை.

இரண்டு இறக்கைகளையும் உடம்போடு பூட்டும் கம்பியைப் பொருத்த மச்சான் அவற்றை எடுத்துப் போனார். அதன்பின் பறக்கவிட இரண்டு ஞாயிறு குறித்தார்கள். முதல் ஞாயிறு காற்று குறுக்கே வீசுகிறது என்று மாவுக்கட்டு நிறுத்தினார். அடுத்த ஞாயிறு, கிளைடரின் மூக்கில் எடைக்கு வைத்த ஈயம் போதவில்லை என்றார். மச்சான் முகம் சுண்டியது. "சரி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அத்தான்" என்றார்.

மூன்றாம் ஞாயிறு காலை மனைவி சித்தி மகள் வீட்டுக்குப் போவதாக ஃபிளாஸ்க் நிறையத் தேநீரோடு கிளம்பினாள். மத்தியானம் திரும்பி வந்தவளின் மூக்கும் கன்னமும் வெயிலில் கன்றியிருந்தன. கழற்றிப் போட்ட காலுறை முழுக்கப் புல்விதை. மாவுக்கட்டு பார்த்தார். பார்த்ததோடு சரி.

மறுநாள் மச்சான் படுக்கைவிரிப்பில் சுற்றி இரண்டு இறக்கைகளைக் கொண்டுவந்தார். வலது முழுசு. இடது நடுவில் ஒடிந்து தொங்கியது.

"கோவிச்சுக்காதீங்க அத்தான். திடீர்னு எல்லாரும் கூடிட்டாங்க, காத்தும் நல்லா இருந்துச்சு. சும்மா ஒரு தடவை விட்டுப் பார்க்கலாம்னு..."

மாவுக்கட்டு ஒடிந்த இடத்தை விரலால் தடவினார். நல்ல மரம், நல்ல பசை. அடி நுனியில் பட்டு உள்நோக்கி ஏறியிருக்கிறது. அப்புறம் வலது இறக்கையை மேஜைமேல் படுக்கவைத்து, அலமாரியிலிருந்து மர ஆப்பை எடுத்து நுனியின் கீழே நுழைத்தார். நுழையவில்லை. நுனி பலகையோடு பலகையாகப் படுத்திருந்தது. துணியில் இரண்டு இடத்தில் பளபளப்பு.

"இஸ்திரிப் பெட்டி போட்டியா?"

"ஆமா. சனிக்கிழமை பூட்டிப் பார்த்தா கோணலா இருந்துச்சே. ரெண்டு பக்கமும் சூடு காட்டி நிமிர்த்தினேன். உங்க மானத்தைக் காப்பாத்தத்தான்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வருத்தப்படுவீங்களேன்னுதான்."

"மைதானத்துல என்ன சொன்னே?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கடையில் அதற்கு நல்ல துணி உண்டு. சட்டை முனையால் துடைத்தார். "எல்லாரும் ஏன் விழுந்துச்சுன்னு கேட்டாங்க. இறக்கை கட்டும்போதே கோணலாயிடுச்சுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? வயசாயிடுச்சு, கை முன்ன மாதிரி இல்லைன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க."

"ஓ."

"ஆனா கிளம்பினது பாருங்க, அவ்வளவு அழகு." அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக் கைபேசியை நீட்டினார். படத்தில் கிளைடர் புல்மேல் நின்றது. கயிறு இறுகியது. இடது நுனியைப் பிடித்துக்கொண்டு யாரோ குனிந்து நாலடி ஓடி, கையை விட்டு, நிமிர்ந்து, கை தட்டினார்கள். மாவுக்கட்டு அதை மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாம் தடவைதான் மச்சானுக்குத் தான் யாரைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. அதற்குள் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

மச்சான் போன பிறகு அவள்தான் ஆரம்பித்தாள். "நீங்க இருந்தா அது இதுன்னு நிறுத்திடுவீங்கன்னு சொன்னான். அவன் சொன்னதுல தப்பு என்ன? ரெண்டு தடவை நிறுத்தினீங்கல்ல?"

"நிறுத்தினேன்."

"நல்லாப் பறந்தா வந்து சந்தோஷமா சொல்லலாம்னு இருந்தோம்."

"இருந்தோம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "சாட்சின்னியே?"

அவர் கத்தவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், மேஜைமேல் கதவைத் திரும்பப் போட்டார். தம்பி அவரை ஏமாற்றியது எலும்பு முறிவு மாதிரி, இன்ன இடம் என்று தொட்டுக் காட்டலாம். மனைவி ஏமாற்றியது அப்படி இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் காட்ட இடமில்லை.

மூன்று மாதத்தில் இடது இறக்கையைச் சேர்த்தார். வலதின் துணியை உரித்து, ஆப்பை வைத்து, இரண்டு நுனியையும் பழையபடி முறுக்கினார். துணி போடுவதற்குமுன் தோள்பக்க விலாவில் பென்சிலால் எழுதினார்: 'நுனி ஆறு மி.மீ. தூக்கியது. வேண்டுமென்றே.' கீழே தேதி.

மச்சான் செய்தி கேட்டு வந்தார். "அடுத்த வாரம் மைதானத்துல வெளியூர்க்காரங்க வர்றாங்க அத்தான். இந்தத் தடவை நீங்கதான் நுனி பிடிக்கிறீங்க."

"வர்றேன். அதுக்கு முன்னாடி அன்னைக்கு இருந்தவங்க முன்னால நின்னு, இஸ்திரிப் பெட்டி போட்டது நான்தான்னு சொல்லு. அது போதும்."

மச்சான் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "அதுக்கென்ன இப்போ. எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. பழசைக் கிளறி..."

"அப்போ உடம்பு உன்கிட்ட, இறக்கை என்கிட்ட. அவங்கவங்க பொறுப்பு அவங்கவங்ககிட்ட."

"அக்காவுக்காகவாவது..."

"உங்க அக்காவுக்காகத்தான் உன்னை உள்ளே விட்டேன்."

இரண்டு இறக்கைகளும் அதே படுக்கைவிரிப்பில் அலமாரிமேல் போயின. மாதம் ஒருமுறை அவர் அவற்றை இறக்கி, மேஜைமேல் வைத்து, ஆப்பை நுழைத்துப் பார்ப்பார். சரியாக நுழையும். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இந்த மாதங்களில் அவள் கேலியாக எதுவும் பேசுவதில்லை.

"நீங்களே ஒரு உடம்பு செஞ்சுக்கலாமே. உங்களுக்குத்தான் மரவேலை வருமே."

"செய்யலாம். தனியாப் பறக்க விட முடியாது. நுனி பிடிக்க ஆள் வேணும்."

"நான் பிடிக்கிறேன்."

அவர் ஆப்பை உருவி எடுத்து, ஊதித் துடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீதான் ஏற்கெனவே பிடிச்சிட்டியே" என்றார். பிறகு விரிப்பின் ஒரு முனையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். அதற்குள் அவர் மடித்து முடித்திருந்தார்.