எடைமேடை வோல்ட்டேஜில் ஒரு இசைத்தட்டு

லாரி எடைமேடைகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் எடையை உணரும் ஸ்ட்ரெயின் கேஜ்தான், சிறிய அளவில், என் பழைய ரெக்கார்ட் பிளேயரின் ஊசித் தலையிலும் இருக்கிறது. மாற்று கிடைக்காத அந்தத் தலையைப் படாதபாடுபட்டுச் சீராக்கினேன். மறைந்த தன் தம்பி பாடிய கிறிஸ்துமஸ் இசைத்தட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கிவந்து காத்திருந்தாள் என் மனைவி எஸ்தர்.

தலைக்கு மின்சாரம் தரும் பெட்டியின் ஸ்விட்சைத் தொடப் போகும்போது கரண்ட் போனது. ராஜபாளையத்து மின்வெட்டை வாயாரத் திட்டினேன்.

"அந்தத் தலைக்கு எம்புட்டு வோல்ட்டு வச்சிருக்கீக?" என்றாள் எஸ்தர்.

"பத்து. எடைமேடைக்கு அதுதான் முறை."

"இதுல லாரியவா ஏத்தப் போறீக? எந்தம்பி பாட்டையில்ல கேக்கணும்!"

கரண்ட் மட்டும் போகாதிருந்தால், பத்து வோல்ட்டில் தலைக்குள்ளிருக்கும் மெல்லிய சிலிக்கான் கேஜ் கருகியிருக்கும்.

இப்போதெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுகிறேன். அப்படித்தான் அன்று மாலை தம்பி பாடினான். மின்வெட்டைத் திட்டுவதையும் குறைத்திருக்கிறேன்.