அக்கா மரத்துக்குப் பச்சை வட்டம்

என் பெரியம்மா மகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதை மறைத்துவிட்டால் இதில் எழுத வேறு ஒன்றும் மிஞ்சாது. அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறாள். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். படித்தவள் நான்தான். ஆனால் தெருவில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் ஆள் போவது அக்கா வீட்டுக்குத்தான்.

எங்கள் அம்மாக்கள் இருவரும் ஊர் ஓரத்துப் பழைய பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலை பார்க்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புளியமரத்தைக் காட்டிவிடுவார்கள். காய்ப்பதில் பாதி பண்ணைக்கு, பாதி அந்தக் குடும்பத்துக்கு. மரம் நமக்குச் சொந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சில் பெரியம்மா மரம், எங்கள் மரம் என்றுதான் வரும். கிணற்றுப் பாதையில் இரண்டும் எதிரெதிரே நின்றன. பெரியம்மா மரத்துப் பழம் சாண் நீளத்தில் சதையாக இருக்கும். எங்கள் மரத்தில் விரல் நீளத்துக்குக் கோணலும் மாணலுமாகக் காய்க்கும், அதிலும் பாதி கொட்டை. பண்ணைக்காரர் குடும்பம் மதுரைக்குப் போய், விவசாயம் நின்று, கருவேலம் மண்டிய பிறகும், மாசி பங்குனியில் இரண்டு வீட்டாரும் போய் அவரவர் மரத்தை உலுக்கிக்கொண்டுதான் இருந்தோம். பெரியம்மா காலத்துக்குப் பிறகு அது அக்கா மரமாயிற்று. நான் அக்கா சாக்கைப் பார்த்துவிட்டுத்தான் என் சாக்கைப் பார்ப்பேன்.

பிறகு அந்த இடம் நகராட்சி கைக்கு வந்தது. பண்ணை வீடு நூலகமாகும், கிணற்றுக்குக் கம்பி வலை வரும், சுற்றிப் பூங்காவும் நடைபாதையும் போடுவார்கள் என்று சொன்னார்கள். திட்ட வரைபடத்தைப் பெரிய ஃபிளெக்ஸில் அடித்து மதில் சுவரில் கட்டினார்கள். நிற்கப்போகிற மரத்துக்குப் பச்சை வட்டம், வெட்டப்போகிற மரத்துக்குச் சிவப்பில் பெருக்கல் குறி.

அக்கா மரத்துக்குப் பச்சை வட்டம். வட்டத்தைச் சுற்றி உட்கார மேடை வேறு வரைந்திருந்தார்கள். அதில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவது போல் பொம்மைகள். எங்கள் மரம் வண்டி நிறுத்துமிடத்துக்குள் விழுந்திருந்தது. அதன்மேல் சிவப்புப் பெருக்கல். என் வேலைப் பழக்கத்தில் பிழை இருக்கும் என்று இரண்டு தரம் சரிபார்த்தேன். பிழை இல்லை.

அக்கா அந்த வரைபடத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். ரேஷன் கடை வரிசையில், கோயில் வாசலில், யார் கிடைத்தாலும் காட்டினாள். அவள் மரத்தடியில் ஊரே வந்து உட்காரப் போகிறதாம். அவள் பீற்றிக்கொள்ளவில்லை, சும்மா சந்தோஷப்பட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. பீற்றியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

தன் மூக்கை அறுத்து எதிராளிக்குச் சகுனத் தடை செய்வது என்பார்கள். நான் என் மூக்கைக்கூட அறுக்க வேண்டியிருக்கவில்லை. ஃபிளெக்ஸுக்குக் கீழே கருத்துகளை எழுதிப் போட ஒரு பூட்டிய பெட்டி வைத்திருந்தார்கள். அவள் மரத்தின் பின்பக்கம், தரையிலிருந்து முழ உயரத்தில், ஒரு பொந்து உண்டு. செடி மறைத்திருக்கும். சின்ன வயதில் அவள் எனக்கு மட்டும் காட்டியது. கிழவனுக்குப் பல் விழுவது போலத்தான் புளியமரத்துக்குப் பொந்து விழுவது, அதனால் ஒன்றும் ஆகாது. அந்தப் பொந்தோடுதான் அது இத்தனை வருஷம் காய்த்தது.

ஆனால் இது பட்டாசு பூமி. மனுவில் 'அபாயம்' என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும், எந்த அதிகாரியும் அதை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போக மாட்டார். அக்காதான் ஒருமுறை அவள் கம்பெனிக் கதையாக இதைச் சொல்லியிருக்கிறாள். நான் பெயர் போடாமல் ஒரு மனு எழுதினேன். மேடைக்கு நடுவே உள்ள புளியமரம் உள்ளே பொந்தாகிவிட்டது, குழந்தைகள் உட்காரும் இடம், அபாயம். அந்த வார்த்தையை மூன்று இடத்தில் வைத்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று காலையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

கூட்டம் பத்து மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பேச விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றதும் அக்கா எழுந்தாள். தன் மரத்தைப் பற்றி அளக்கப் போகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க மரத்துக்குக் கொறையில்லங்கய்யா, நல்லாத்தான் வச்சிருக்கீக. எதுத்தாப்புல எங்க சித்தி மரம் நிக்குது. அத வெட்டுனா என் தங்கச்சிக்கு மனசு ஆறாது. வண்டிய அங்கன ரோட்டோரமா நிப்பாட்டுனா என்னங்கய்யா?"

ஹால் முழுக்கக் கை தட்டியது. அதிகாரி குறித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் நன்றி வரவில்லை, வெட்கமும் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, அந்தக் கைதட்டல் அவளுக்கு என்பதுதான். என் மரத்துக்காக நான் பேசியிருக்க வேண்டும். பேசத் தெரிந்தவள் நான். எனக்கு அவள் மரத்தைப் பற்றி எழுதத்தான் தோன்றியது, என் மரத்தைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை.

மதிலடியிலிருந்து கூட்டத்துக்கு எடுத்து வந்திருந்த கருத்துப் பெட்டி என்னைத் தாண்டி நாலு நாற்காலி தள்ளி மேசைமேல் இருந்தது. எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

அடுத்த வாரம் ஆள் வந்து பொந்துக்குள் கம்பியை விட்டுப் பார்த்தான். முழங்கை நீளம் உள்ளே போனது என்று ஊரெல்லாம் பேச்சு. புதிய வரைபடம் வந்தபோது வண்டி நிறுத்துமிடம் சாலையோரம் போயிருந்தது. பச்சை வட்டமும் மேடையும் எங்கள் மரத்துக்கு வந்திருந்தன. அக்கா மரத்துக்குப் பெருக்கல்.

மரம் அறுத்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. தெருப் பெண்கள் துக்க வீட்டுக்கு வருவது போல வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அக்கா தன் அம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கும் அழ வேண்டும்போல் இருந்தது. முந்தானையை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "ஒனக்கென்ன, ஒன் மரந்தான் மேடையோட நிக்கப்போகுதே" என்றாள். அழுகிற பாத்தியதைகூட அக்காவுக்குத்தான் போயிற்று.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "அவள ஏன் சொல்லுறீக? அவுக மரம் காய்க்காத வருசமெல்லாம் எங்க மரத்துப் புளிதான் அவுக கொழம்புக்கு."

அது உண்மையாகத்தான் இருக்கும். அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை.

இப்போது மேடை கட்டி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் ஆட்கள் உட்காருகிறார்கள், அக்காவும் சில நாள் வந்து உட்காருகிறாள். மனு எழுதியது நான்தான் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவள் கோபித்துக்கொள்வாள் என்ற பயம் இல்லை. சொன்னால் மன்னித்துவிடுவாள். அதிலும் அவளே ஜெயித்துவிடுவாள்.