‘உவமை வந்துள்ளது’ என்றால் வீரம் வந்துவிடுமா?

1. கோடு கீறிய விடை

ரிஃபாஸின் விடையைப் படித்ததும் சிவப்புப் பேனையை மேசையில் போட்டுவிட்டேன். ‘இக்கவிதையில் உவமை வந்துள்ளது. மோனை வந்துள்ளது. இதனால் வீரர்களின் வீரம் வெளிப்படுகின்றது.’ அணிகளின் பெயருக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு வேறு. எங்கள் பக்கத்து டியூஷன்களில் பழக்கிவிட்ட நோய் இது. பெயரைச் சொல்லிக் கோடு கீறினால் புள்ளி விழும் என்று நம்புகிறார்கள்.

ஓய்வு பெற்றபின், சாதாரண தரப் பரீட்சையை மறுபடி எழுதுகிறவர்களுக்கு மூதூரில் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். ரிஃபாஸ் அங்கே எல்லோருக்கும் மூத்தவன். முப்பதை நெருங்குகிறான், மீன் வள்ளத்தில் போகிறவன். திருகோணமலைத் துறைமுக வேலைக்கு விண்ணப்பிக்க அவனுக்குத் தமிழில் வெறும் சித்தி போதாது, திறமைச் சித்தி வேண்டும். இரண்டு தரம் தவறியாயிற்று.

“இந்தமுறையும் இல்லாட்டி விட்டுடுவன் டீச்சர்” என்றான்.

விட விடுவேனா?

2. நின்ற வரி

கைடு புத்தகத்தில் விடை பார்க்க ஏலாதபடி, பயிற்சிக் கவிதையை நானே கட்டியிருந்தேன். அதை யாருக்கும் சொல்லவில்லை.

திரையெனத் திரண்டார் திண்தோள் வீரர்
முரசு முழங்க முன்னே பாய்ந்தார்
ஒருவன் நின்றான்
திரும்பிப் பார்த்தான்
பிறகு நடந்தான்.

“வீரம் எப்படி வெளிப்படுது? சொல்லும் பாப்பம்” என்றேன்.

“வெளிப்படல்ல டீச்சர். திரை எண்டா அலைதானே? அலைக்குப் பயமில்ல. பயமில்லாததுக்கு என்ன வீரம்? இத எழுதினவர் கரையில நிண்டு கடலப் பாத்த ஆள்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“சரி. முழுக்கச் சத்தமா வாசியும்.”

முதல் இரண்டு வரியையும் மூச்சு விடாமல் வாசித்தான். மோனை அவனை இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது வரியில் குரல் தானாக நின்றது.

“ஏன் நிண்டனீர்?”

“வரி நிண்டுட்டு டீச்சர். முரசுச் சத்தமும் இல்ல.” அடுத்த வரியைப் பார்த்தான். “ஒருத்தனுக்குப் பயம் வந்துட்டு. வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்திருப்பான். அப்பிடியிருந்தும் போறான்.”

“அப்ப, வீரம் எங்க?”

கடைசி வரியில் விரலை வைத்தான்.

“கூட்டத்துக்குப் பலத்தக் காட்டத்தான் அந்த அலை. தனி மனிசன் வந்ததும் ஓசைய வேணுமெண்டே உடைச்சிருக்கு” என்றேன். “இத உம்மட சொல்லில எழுதும்.”

“அலை சரியில்ல எண்டும் எழுதலாமா?”

“காரணம் சொன்னா எழுதலாம்” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்றிலிருந்து பரீட்சை வரை ‘வந்துள்ளது’ என்று எழுதிய விடை எதையும் நான் திருத்தவில்லை. ஒவ்வொரு தரமும் திருப்பிக் கொடுத்தேன். அவனும் சலிக்காமல் மறுபடி எழுதினான்.

3. படலையடி

பரீட்சையன்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மண்டபத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே ரிஃபாஸ் தனியாகத் தெரிந்தான். ஒரு பிள்ளை அவனை மேற்பார்வையாளர் என்று நினைத்து, “சேர், எங்கட ஹோல் எது?” என்று கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் மண்டபத்து வாசல் படலையடியில் நின்றுவிட்டான். திரும்பி, வந்த வழியைப் பார்த்தான். கூப்பிட வாயெடுத்தேன். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்தேன்.

அவன் உள்ளே நடந்தான்.

திறமைச் சித்தி கிடைத்தது. துறைமுகத்துக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டான்.

புதிதாகப் படிப்பிக்க வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போர்க் கவிதையைக் கையில் எடுத்தால் அணியின் பெயரைக் கடைசியாகக் கேளுங்கள். ஓசை எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் அந்த மனிதன் என்ன செய்கிறான் என்று முதலில் கேளுங்கள்.

பெறுபேற்றில் தரம் மட்டும்தான் வரும்; ரிஃபாஸுக்குச் சரியாக எத்தனை புள்ளி விழுந்ததோ தெரியாது. படலையடியிலேயே நான் முழுப் புள்ளியும் போட்டுவிட்டேன்.