ஹோர்ன் அடிக்கும் வரை

அந்த பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த வருடங்களில், வவுனியாவிலிருந்து ஞாயிறு பேப்பரை ஒருநாள் பிந்திக் கொண்டுவரும் பஸ் அது. உருத்திரபுரத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் நின்று, ட்றைவர் அண்ணை தேத்தண்ணி குடித்ததும் திரும்பிவிடும். அதற்குள் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பி அவர் கையில் கொடுத்தால்தான் வவுனியாவில் தபாலில் சேரும். எங்கள் ஊர்த் தபாலை நம்பினால் முடிவுத் திகதிக்குப் பிறகுதான் கொழும்பிலுள்ள பேப்பர் கந்தோரைப் போய்ச் சேரும்.

சங்கக்கடை மனேஜர் அக்காவுக்குப் பரிசில் ஆசையில்லை. "எங்கட ஊர்ப் பேர் பேப்பரில வாறதெண்டால் ஷெல் விழவேணும். ஒருக்கா எண்டாலும் குறுக்கெழுத்தில வரட்டும்" என்பா.

அவா நிரப்புவா. விற்பனையாளனான என் வேலை, ட்றைவரைக் கதையால் மறித்து வைப்பது. மூளை வேண்டாத அந்த வேலையில் நான் கெட்டிக்காரன்.

ஒரு திங்கட்கிழமை ஒரே ஒரு சொல் மிஞ்சியது. 'நிறையக் கரம் உண்டு, தச்சனுக்கு வேண்டும்.' மூன்று கட்டம்.

"இராவணன்!" என்றேன்.

"மூண்டு கட்டத்துக்குள்ள அவர் எப்பிடி நிற்பார்? எப்ப தச்சுவேலை பழகினவர்? நீர் போய் அந்தாளை மறியும்."

ட்றைவர் ஏறி ஹோர்னை அழுத்திவிட்டார். நான் இரண்டாவது தேத்தண்ணியோடும் வடையோடும் ஓடி, எங்கள் வீட்டு மாடு கன்று போட்ட கதையைத் தொடங்கினேன். "தம்பி, உம்மட மாடு கண்டு போடுறதுக்குள்ள எனக்கு இருட்டிப்போம்" என்று அவர் மறுபடி அடித்தார். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு, இருந்த இடத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினா அக்கா. இரண்டு கல்லின் மேல் போட்ட பலகை அது.

"பல கை! இதுக்கு மேலதானே இவ்வளவு நேரமும் இருந்தனான்!"

சில வாரங்களில் சரியான விடை எழுதியவர்களின் வரிசையில் எங்கள் ஊர் வந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயர், என்னுடையது! ஏன் என்று கேட்டதற்கு, "அவரை மறிச்சது நீர்தானே. எனக்கு ஊர்ப் பேர் போதும்" என்றா.

பிறகு சண்டை மறுபடி மூண்டு பாதை பூட்டுப்பட்டது, பேப்பரும் நின்றது. இப்போது அக்கா வவுனியாவில் மகளோடு. பேப்பர் எனக்குக் காலையிலேயே வருகிறது, நேரமும் நிறைய, ஆனாலும் பாதிக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். போன ஞாயிறு தோற்றுப்போய் அவாவுக்கு போன் எடுத்துக் குறிப்பை வாசித்தேன்.

"சும்மா எனக்கு வராது. ஹோர்ன் அடியும் பாப்பம்."

என் பேரப்பிள்ளைகள் பார்த்திருக்க, நான் போனுக்குள் 'பாம், பாம்' என்று அடித்தேன்.