மணிக்கட்டுக்காரர்

பஸ்ஸில் ஏறியதும் இடது கையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் செருகி உள்ளே தள்ளிவிடுவார். கம்பியைப் பிடிப்பது, சில்லறை கொடுப்பது, மேலே வந்து விழுகிறவனைத் தாங்குவது எல்லாம் வலது கையின் பாடு. கையில் ஏதோ அடி போலிருக்கிறது, பாவம் என்று யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அவரும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "அடி பட்டுடக் கூடாதுன்னுதாங்க உள்ள வச்சிருக்கேன்" என்பார். கேட்டவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பழைய கைக்கடிகாரங்களை ஏலம் விடுகிற கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். என்ன உத்தியோகம் என்றால், இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஏலத்துக்கு வருகிற வாட்ச் ஒவ்வொன்றையும் அவர் கையில் கட்டித்தான் படம் எடுப்பார்கள். மேஜையில் கிடக்கிற வாட்ச் வெறும் சாமான். ஒரு கையில் ஏறிவிட்டால்தான் பார்க்கிற பணக்காரனுக்கு, இது நம் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நாக்கில் எச்சில் ஊறும். ஆபீசில் எல்லாருக்கும் அவர் 'மணிக்கட்டு'தான். "மணிக்கட்டு வந்தாச்சா?" "மணிக்கட்டு டீ குடிச்சாச்சா?" சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான கை. தலை வழுக்கை, முகம் முழுக்கச் சுருக்கம், வலது கை எல்லாரையும் போலக் காய்த்துக் கறுத்த கை. இடது கை மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டது மாதிரி இளமையாக இருக்கும். படம் எடுப்பதற்கு முன்னால் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ரத்தம் கீழே வடிந்து, புடைத்த நரம்பெல்லாம் அடங்கிவிடுமாம். ஆபீசுக்குப் புதிதாக வந்தவர்கள், ஐயா ஏதோ சந்தேகம் கேட்கிறார் போலிருக்கிறது என்று பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பார்கள்.

வீட்டிலும் அந்தக் கைக்கு ராஜ மரியாதைதான். பாத்திரம் தொடாது, ஆணி அடிக்காது, வெந்நீர்ப் பக்கம் போகாது. வாஸ்லின் தடவி, மெல்லிய பருத்தி உறையைப் போட்டுத்தான் தூங்கப் போகும். வாட்ச் கட்டினால் தோலில் வார்த் தடம் விழுந்துவிடும் என்பதால் சொந்தமாக ஒரு வாட்ச் கிடையாது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி "மணி என்னங்க?" என்று கேட்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "ஊர்ல இருக்கற ராஜா வீட்டு வாட்ச்செல்லாம் இவரு கையில ஏறுது. வீட்டுக்குள்ள வந்தா என்னைக் கேக்குறாரு, மணி என்னடின்னு! கல்யாணத்தன்னிக்கு ரெண்டு கையோடதான் இருந்தாரு. ஒண்ணைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாரு."

அவள் என்ன சொன்னாலும் ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அன்றைக்கு வந்த வாட்ச்சின் கதையைத்தான் ஆரம்பிப்பார், வீட்டுக்கு விருந்தாளி வந்துபோன மாதிரி. "இன்னிக்கு ஒருத்தர் வந்திருந்தாருடி. வெறும் எஃகு, பொட்டுத் தங்கம் கிடையாது. ஆனா அந்த விளிம்பு வளைஞ்சு இறங்குது பாரு, அதை வரைஞ்சவன் படகோட அடிப்பக்கத்தைப் பாத்துட்டு ஒரே மூச்சுல வரைஞ்சானாம். அதுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாரும் அதைப் பாத்துத்தான் போட்டிருக்காங்க. அந்த ஒண்ணை வித்தா நம்ம தெருவையே வாங்கலாம்." மனைவி, "தெருவை வாங்கி என்ன பண்றது, குழாய்ல தண்ணி வருமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவாள்.

இந்தக் கதைகளை எல்லாம் அவர் காதில் போட்டது, ஏலப் புத்தகத்துக்கு எழுதுகிற நிபுணர். வாட்ச் உலகத்தின் நியாயமே தலைகீழான நியாயம். பளபளவென்று மெருகு போட்டுக் கொண்டுவந்தால் விலை விழுந்துவிடும். பழைய சொந்தக்காரன் இடித்துக்கொண்ட வடு அப்படியே இருந்தால் ஏறும். கறுப்பு டயல் வெயிலில் வெந்து பழுப்பாகிப்போனால் கேட்கவே வேண்டாம், அடித்துக்கொண்டு வாங்குவார்கள். இதைச் சொல்லும்போது மணிக்கட்டுக்காரருக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். "மனுசன் வெயில்ல நின்னு நெறம் மாறினா கூலிக்காரன். வாட்ச்சு மாறினா பரம்பரைச் சொத்து. அதுமேல கீறல் விழுந்தா ரசிச்சு எழுதுறாங்க. என் கையில ஒரு கீறல் விழட்டும், மறுநாளே வீட்டுக்குப் போய்யான்னுடுவாங்க."

கீறல் விழவில்லை. அதைவிட மோசமானது வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கடுகை உருட்டுகிற மாதிரி தாமாகவே அசைய ஆரம்பித்தன. வேலையில்லாமல் சும்மா வைத்திருக்கும்போதுதான் அசையும். அந்தக் கைக்குச் சும்மா இருப்பதுதானே வேலை! முதலில் கண்டுபிடித்தவள் மகள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், அவளுக்கு இதெல்லாம் கண்ணில் படும். "அப்பா, அந்தக் கையை மேஜை மேல வைங்க, பாப்போம்" என்றாள். அவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"குளுரும்மா, வேற ஒண்ணுமில்ல."

"வேர்க்குது உங்களுக்கு. நாளைக்கே டாக்டரைப் பாத்துடலாம்ப்பா."

"இந்த ஏலம் முடியட்டும்மா."

அந்த ஏலம் முடியும், அடுத்தது வரும். டாக்டர் அதற்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று அவருக்குப் பயம். மனைவியிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். "எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு. கையை நீட்டிக்கிட்டு உக்காரத் தெரியும். வாட்ச் இல்லாம நீட்டினா அதுக்கு வேற பேரு." எதற்கும் பதில் வைத்திருக்கிற மனைவி அன்றைக்கு வாஸ்லின் டப்பாவை எடுத்துவந்து, அந்தக் கைக்குத் தானே தடவிவிட்டாள்.

ஆபீசில் விஷயம் தெரிந்தது படம் எடுக்கிற பெண்ணுக்கு மட்டும்தான். தெரியும் என்று அவளும் சொன்னதில்லை, தெரிந்துவிட்டதா என்று அவரும் கேட்டதில்லை. "அண்ணே, மூச்சைப் பிடிச்சுக்கங்க" என்பாள். கேமராவை வேகமாகத் தட்டித் தள்ளி, கலங்காமல் விழுந்த ஒரே ஒரு படத்தைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிடுவாள். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஒரு வாட்ச் வந்தது. ஒரு விமானி வாழ்நாள் முழுக்கக் கட்டியிருந்தது. கறுப்பு டயல் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டறையில் மூடிய பின்பக்க மூடியை இன்றுவரை ஒருவரும் திறந்ததில்லை. ஏலப் புத்தகத்தில் போடப்போகிற அந்த ஒரு வரிக்காகவே விலை எங்கேயோ போகும் என்று நிபுணர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஏலம் கேட்கப்போகிறவர்களுக்குப் படம் போதாதாம். வாட்ச் ஒரு கையில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். செகண்டு முள் உச்சியில் கிளம்பி ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வரும்வரை, வெட்டாமல் ஒட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும் என்றார். படம் எடுக்கிற பெண், "போட்டோவே நல்லா வருமே சார்" என்று இழுத்துப் பார்த்தாள். நிபுணர் காதில் வாங்கவில்லை.

மணிக்கட்டுக்காரர் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன மெத்தையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். முள் கிளம்பியது. பக்கத்திலிருந்த பெரிய திரையில் டயல் தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. முள் வலப்பக்கம் இறங்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. அடியைத் தொட்டதும் கடுகு உருள ஆரம்பித்தது. வாட்ச் கண்ணாடியில் விழுந்திருந்த ஜன்னல் வெளிச்சம் திரையில் நடுநடுங்கியது. "மறுபடி" என்றார் நிபுணர். மறுபடியும் அதே இடம். இன்னொரு தடவை எடுத்தபோது உச்சியிலிருந்தே ஆடியது.

நிபுணர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கையைப் பார்க்கவில்லை, வாட்ச்சைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அந்தக் கையில் வாட்ச்சை மட்டுமே பார்த்துப் பழகிய கண். முகம் வெளுத்துவிட்டது. "உள்ள ஏதோ கழண்டிருக்கு. கண்ணாடியே ஆடுது பாரு. இப்படியே ஏலத்துல வச்சா நம்ம மானம் போயிடும். ரிப்பேர்காரரை வரச்சொல்லுங்க, பின்பக்கத்தைத் திறந்து பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

படம் எடுக்கிற பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டுக்காரர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி வாட்ச் மேல் போகும். அவர் பிழைத்துக்கொள்வார், அடுத்த ஏலம் வரைக்குமாவது. அவர் ஒன்றும் மகான் இல்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் யாரும் திறக்காத அந்த மூடியை ஒருவன் கத்தி வைத்து நெம்பப்போகிறான் என்று நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"திறக்காதீங்க சார். வாட்ச்சு நல்லாத்தான் இருக்கு. ஆடுறது என் கை."

நிபுணர் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா! உங்க கைதானா! என்ன மணிக்கட்டு, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? எனக்கு உசிரே போயிடுச்சு!" சந்தோஷத்தில் அவர் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். மனசார வந்த சந்தோஷம், அதில் கள்ளம் இல்லை. மணிக்கட்டுக்காரரும் சிரித்துவைத்தார்.

இப்போது ஒரு கை வேண்டும். வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டார்கள். புசுபுசுவென்று ரோமம், உடைந்த நகம், எப்போதோ சுட்டுக்கொண்ட தழும்பு, அவனுடைய மலிவு வாட்ச்சின் வார் பதிந்த வெள்ளைத் தடம். ஈரத் துணியால் ஒரு துடை துடைத்து மெத்தையில் வைத்தார்கள். முதல் தடவையிலேயே முள் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நிபுணர் கண்ணை எடுக்கவில்லை. "அட, அட! இந்தக் கையில அந்த வாட்ச்சு வாழ்ந்த மாதிரி இருக்கே! இது எப்படி இத்தனை வருஷமா நமக்குத் தோணாம போச்சு?" காவலாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் என்னங்க பண்ணேன், சும்மா வச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

திட்டியிருந்தால்கூட மணிக்கட்டுக்காரர் தாங்கியிருப்பார். ஆணி அடித்திருக்கலாம். வெயிலில் போட்டுக் கறுக்க விட்டிருக்கலாம். மனைவி காய்ச்சலில் கிடந்தபோது உறையைக் கழற்றிவிட்டு நாலு பாத்திரம் தேய்த்துக் கொடுத்திருக்கலாம். எதற்காகப் பொத்திப் பொத்தி வைத்தோம்! இடது கையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "சொல்லி அனுப்புறோம் மணிக்கட்டு" என்றார் நிபுணர், திரையைப் பார்த்தபடியே. சொல்லி அனுப்பமாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தார். "டாக்டர்கிட்ட போகலாம்னியேம்மா, இப்பவே போகலாமா?" மகள் கடையில் சொல்லிவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, அப்பாவின் முகமே சொல்லிவிட்டது. டாக்டர் எதிர்ச்சாரியில்தான். தெரு முழுக்க வண்டிகள் சீறிக்கொண்டு போயின. அவர் சட்டைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். வெயில் பட்டது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே அவள் பக்கமாக நீட்டினார். சின்ன வயதில் பிசுபிசுத்த விரலோடு ஓடிவந்த அவளை, 'அந்தக் கை வேணாம்டா, இந்தப் பக்கம் வா' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் அவரேதான். மகள் வண்டிகளைப் பார்த்தபடியே அவருக்குப் பின்னால் சுற்றி வந்து, வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.