பின்பலகையின் நான்கு துளைகள்

வளைகுடா நாடொன்றில், விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். மூட்டுகளைச் சோதிப்பதுதான் என் பொறுப்பு. இறக்கைத் தகடு உடம்போடு சேரும் இடம், கார்பன் நாரில் செய்த பாகம் அலுமினியத்தோடு போல்ட் போட்டு இணையும் இடம். பெரிய அடி ஒன்றில் இவை உடைவது குறைவு. ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, பல்லாயிரம் தடவைக்குப் பிறகு துளையின் ஓரத்தில் மயிரளவு வெடிப்புத் தொடங்கும். நார்ப்பாகத்தில் அதுவும் வெளியே தெரியாது, உள்ளே படைபடையாகப் பிரிந்து விட்டுப்போகும். நாணயத்தால் தட்டிக் காது கொடுப்போம். நல்ல இடம் கணீரென்று கேட்கும். கெட்ட இடம் ஈர மரத்தைத் தட்டியது மாதிரி மந்தமாக இருக்கும். எனக்குச் சந்தேகம் வந்து சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டால், யார் வந்து சொன்னாலும் அந்த விமானம் அசையாது.

போன வருடம் லீவில் எங்கள் கடற்கரை ஊரான பள்ளிவாசல்துறைக்கு வந்திருந்தேன். என் அண்ணன், நாங்கள் சொல்வதுபோல் காக்கா, மீன்பிடிக்கப் போகும் தன் ஃபைபர் போட்டுக்குப் பெரிய என்ஜின் ஒன்று பூட்டியிருந்தார். பின்பலகையில் நான்கு போல்ட் போட்டு ஒரு அலுமினியத் தாங்கி, அதில் என்ஜின். நட்டுகள் கிழமைக்கு ஒருதரம் இளகுவதாகவும், தான் இறுக்கிவிடுவதாகவும் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. சட்டைப் பையிலிருந்த நாணயத்தால் துளைகளைச் சுற்றித் தட்டினேன். நான்கு இடத்திலும் மந்தமான சத்தம்.

“காக்கா, உள்ளுக்குப் படை விட்டுப்போயிருக்கு. வெட்டி எடுத்துப் புதுசா போடணும். அதுவரைக்கும் போகாம இருந்தா நல்லம்.”

“கச்சான் காத்து தொடங்கிக் கடலுக்குப் போகேலாமப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்குப் புறகு கரையில இழுத்துப்போட்டுச் செய்வம்” என்றார்.

நான் சரி என்றேன். போர்க்காலத்தில் முஸ்லிம்களான நாங்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது எனக்கு நாலு வயது. வாப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தவர் காக்கா. அவருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

வேலைக்குத் திரும்பிப் பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது. நான் வந்து சேருமுன்பே காக்காவின் ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள். காக்காவோடு கடலுக்குப் போயிருந்த, அவர் மனைவியான மதினியின் தம்பி, வெற்றுப் பெட்ரோல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து தப்பியிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். அன்று பெரிய அலைகூட இல்லையாம். கரைக்குத் திரும்பும்போது ஒரு முறிவுச் சத்தம். பலகைத் துண்டோடு என்ஜின் கழன்று கடலுக்குள் போயிற்று. அந்த ஓட்டையால் தண்ணீர் ஏறி, போட் பின்பக்கமாகத் தாழ்ந்தது. என்ஜினைப் பிடிக்கப் பாய்ந்த காக்கா மேலே வரவில்லை; மறுநாள் உடல்தான் கரையொதுங்கியது.

மதினி இத்தாவில், கணவனை இழந்தவர் அறைக்குள் தனித்திருக்கும் நாட்களில், இருந்தார். அறைக் கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அவர் கேட்டார்.

“போட்டுல பழுதிருக்குன்னு நீங்க அவருக்குச் சொன்னதாமே, தம்பி?”

“ஓம், மதினி.”

“கடுமையாச் சொன்னீங்களா?”

“இல்ல. மெதுவாத்தான் சொன்னேன்.”

அவர் ஏசியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள லேசாக இருந்திருக்கும்.

மற்றப் போட்டுக்காரர்களிடம் போய், அவரவர் பின்பலகையைச் சோதிக்கும்படி சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். இரண்டு பேர் மட்டும் போட்டைக் கரைக்கு ஏற்றிப் பலகையை வெட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் ஃபைபருக்குள் இருந்த மரம் முழுவதும் உக்கி உதிர்ந்தது.

மிதந்ததை இழுத்து வந்து கரையில் போட்டிருந்த காக்காவின் போட்டைப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து அழுவதாகவும், அதை இல்லாமலாக்கிவிடும்படியும் மதினி சொல்லியனுப்பினார். அவர் தம்பியும் நானும் மரம் அறுக்கும் வாளால் அதைத் துண்டு துண்டாக அறுத்தோம். ஃபைபர் தூள் மேலெல்லாம் அரித்தது. அந்தப் பின்பலகையைத் தவிர மற்ற இடமெல்லாம் நல்ல உறுதி. அறுத்து முடிக்க இரண்டு நாள் சென்றது.